வீட்டு வண்டியில் கேமரன் மலை

செலண்டாரில் வானம் தெளிந்த காலைகளில் கிழக்கே லேடாங் மலை தெரியும். அதன் உயரம் 1,276 மீட்டர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மலை என்றால் அதுதான். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா பட்டணமோ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது, லேடாங்கின் உச்சியைவிட உயரமான இடத்தில் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் பஸ் நிலையமும் வைத்து மக்கள் குடியிருக்கிறார்கள். மலாய்மொழியில் 'தானா ராத்தா' என்றால் சமவெளி நிலம் என்று பொருள். அவ்வளவு உயரத்தில் சமமான நிலம் கிடைத்ததே அந்த ஊர் பிறந்ததற்குக் காரணம்.

சென்ற செமஸ்டர் விடுமுறையில் அந்த ஊருக்கு நாங்கள் மோட்டோர்ஹோமில் போனோம். அதாவது, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டி. பணம் மிகுந்து போன பயணம் அன்று. என் பாட்டிக்கு வயது 78. இனிப்பு நீர், முட்டிவலி. அரை மணிக்கொரு முறை கழிப்பறைக்குப் போக வேண்டும். பஸ்ஸிலோ காரிலோ அவரை 300 கிலோமீட்டருக்கு மேல் அழைத்துப் போக முடியாது. ஆனால் பாட்டிக்கு ரிங்லெட் பக்கம் ஓர் இடத்தைப் பார்த்தாக வேண்டும். அவருடைய மூத்த அக்காளை 1964-ஆம் ஆண்டு அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பாட்டி ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறார், 1966-இல். தம்பின் ஸ்டேஷனில் ரயிலேறி, தாப்பா ரோட்டில் இறங்கி, பஸ் பிடித்து மலையேறினாராம். "மூணு தடவ வாந்தி எடுத்தேன். அக்கா வந்து கையப் புடிச்சிது, அது கை ஐஸ் மாதிரி இருந்திச்சி" என்பார். அந்த அக்காள் 1998-இல் இறந்துவிட்டார். பிள்ளைகள் மூவருடனும் தொடர்பு விட்டுப்போயிற்று. மாமாதான் யோசித்து, கோலாலம்பூரில் நான்கு நாள் வாடகைக்கு இந்த வண்டியை எடுத்தார். மாமா, அத்தை, பாட்டி, நான் என நான்கு பேர்.

இப்படிப் போக நினைக்கும் நண்பர்களுக்காக வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுமையில்லாத எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியென்றால் சாதாரண 'டி' லைசன்ஸ் போதும். ஆனால் லைசன்ஸ் போதும் என்பதும் ஓட்டத் தெரியும் என்பதும் வேறு வேறு. எங்கள் வண்டியின் உயரம் ஏறக்குறைய மூன்று மீட்டர். கார் நிறுத்துமிடங்களில் இரும்புக் கம்பி குறுக்கே கட்டியிருப்பார்களே, அதை நாம் காரில் போகும்போது கவனிப்பதே இல்லை. இதில் போனால் கவனிக்க வேண்டியது அது ஒன்றுதான். நல்ல தண்ணீர்த் தொட்டி சுமார் நூறு லிட்டர் கொள்ளும். நான்கு பேர் குளித்தால் ஒரே நாளில் காலி. ஆகவே குளியல் பொதுக் குளியலறையில்தான். பாத்திரம் கழுவிய நீர் தனித் தொட்டியில் சேரும். அதை வழியிலுள்ள கால்வாயில் திறந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மாமா விடவில்லை. அதன் காரணம் பிறகு வருகிறது.

தாப்பாவிலிருந்து ஏறினோம். அகலமான பாதை சிம்பாங் பூலாய் வழியாக இருக்கிறது. பெரிய வண்டிகளுக்கு அதுவே நல்லது. ஆனால் பாட்டி போன வழி தாப்பா வழி. 'ஏறுவதற்குப் பழைய வழி, இறங்குவதற்குப் புது வழி' என்று மாமா முடிவு செய்தார். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு போனோம். எதிரே காய்கறி லோரி வந்தால் யாராவது ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் நாங்கள்தான். லாத்தா இஸ்கண்டார் அருவியருகே நிறுத்திப் பசியாறினோம். பூர்வகுடியினர் சாலையோரத்தில் மூங்கில் பொருள்களும் காட்டுப் பழங்களும் விற்றுக்கொண்டிருந்தார்கள். இந்த மலை முதலில் அவர்களுடையது. செமாய் மக்கள் இங்கே எத்தனையோ தலைமுறையாக வாழ்பவர்கள். கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் 2019 ஜனவரி இடைத்தேர்தலில் வென்ற ரம்லி முகமட் நோர்தான் நாட்டின் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடி உறுப்பினர். அதற்கு முன் அந்தத் தொகுதி தமிழர்களின் கையில் இருந்தது என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

ஊரின் பெயர் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளரிடமிருந்து வந்தது. அவர் 1885-இல் பகாங், பேராக் எல்லையில் அளவை செய்தபோது குலோப் ரியாவ் என்ற மலாய்க்காரரின் துணையோடு இந்த மேட்டு நிலத்தைக் கண்டார். கண்டவர் அதை வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை. அடுத்த ஆண்டே இறந்தும் போனார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் அந்த இடம் ஏறத்தாழ மறந்துபோயிற்று. 1925-இல் சர் ஜோர்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்து, இங்கே மலை நகரம் ஒன்றை அமைக்கலாம் என்றார்.

ஏன் மலை நகரம்? ஆங்கிலேயர்கள் எங்கெல்லாம் ஆண்டார்களோ அங்கெல்லாம் வெயிலுக்குத் தப்பி ஏறிப்போக ஒரு மலையைத் தேடினார்கள். சிம்லா, ஊட்டி, இலங்கையில் நுவரெலியா, நம் நாட்டில் பினாங்கு மலை, தைப்பிங்கின் மேக்ஸ்வெல் மலை, பிரேசர் மலை எல்லாம் அந்த வரிசைதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு ஆறரை பாகை குறையும். அந்தக் கணக்குப்படி செலண்டாரில் 32 பாகையாக இருக்கும் மத்தியானத்தில் தானா ராத்தாவில் 23 பாகைதான். காய்ச்சலில் விழுந்த அதிகாரிகளும் தோட்ட துரைமார்களும் இங்கே வந்து தேறினார்கள்; ரோஜா வளர்த்தார்கள்; தங்கள் நாட்டு வீடுகளைப் போலவே கட்டிக்கொண்டார்கள். 1937-இல் எழுந்த ஸ்மோக்ஹவுஸ் இன்னும் அப்படியே நிற்கிறது.

தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலை 1926-இல் தொடங்கி 1931-இல் முடிந்தது. காடு, மழை, மண்சரிவு, மலேரியா எல்லாவற்றையும் தாண்டி ஐந்து ஆண்டுகள் வெட்டியிருக்கிறார்கள். சாலை போட்ட குத்தகை நிறுவனத்தின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் இல்லை. அக்கால மலாயாவின் சாலைகளிலும் ரயில் பாதைகளிலும் பெரும்பகுதி உழைப்பு தென்னிந்தியர்களுடையது என்பதை மட்டும் நாம் அறிவோம். வளைவுகளில் வண்டி ஆடும்போது பாட்டி கண்ணை மூடிக்கொண்டு, "எப்படித்தான் வெட்டுனாங்களோ" என்றார். அதுவரை அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. இடைநிலைப் பள்ளியில் சரித்திரத்தை மலாய்மொழியில் நன்றாகவே படித்துப் புள்ளிகள் வாங்கியவள் நான்.

சாலையோடு சேர்ந்து தேயிலையும் ஏறியது. ஜோன் ஆர்ச்சிபால்ட் ரஸல் என்பவர் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை. 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டமும் தொடங்கியது. போ நிறுவனமே சொல்லும் ஆரம்பக் கதையில், காட்டை அழித்தபோது அவர்களிடம் இருந்தவை ஒரு நீராவி ரோலர், சில கோவேறு கழுதைகள், ஒரு கூட்டம் தொழிலாளர்கள். ரோலர் ஒன்று என்று எண்ணிக்கை இருக்கிறது. தொழிலாளர்களுக்கு எண்ணிக்கை இல்லை, பெயரும் இல்லை.

தேயிலை ஏன் இங்கே வளர்கிறது என்று அத்தை கேட்டார். தேயிலைக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். ஆண்டு முழுக்க மழை வேண்டும்; ஆனால் வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. சரிவில் நட்டால் தண்ணீர் தானே வடிந்துவிடும். குளிரில் இலை மெதுவாக வளர்வதால் மணம் கூடும். இங்கே நீண்ட வறட்சிக் காலம் இல்லை, ஆகவே ஆண்டு முழுக்கக் கொழுந்து எடுக்கலாம். 'கொழுந்து' என்ற சொல்லையே நான் பாட்டியிடம்தான் கற்றேன். அதுவரை எனக்கு அது 'பூச்சோக்'தான்.

காலக் கணக்கை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1930-க்குப் பின் ரப்பர் விலை விழுந்தது. கீழே கித்தாத் தோட்டங்களில் வேலையில்லாமல் பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டுகளில்தான் மேலே தேயிலைக்கு ஆள் எடுத்தார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. ஆகவே கேமரன் மலைத் தேயிலை வளர்ந்த முதல் பத்தாண்டும், கப்பலில் தமிழ்த் தொழிலாளர் வந்த கடைசிப் பத்தாண்டும் ஏறக்குறைய ஒன்றே. அதற்குப் பிறகு லயத்துப் பிள்ளைகளே லயத்து வேலைக்கு வந்தார்கள். பெண் எடுப்பதும் கொடுப்பதும் தோட்டத்துக்குத் தோட்டம் நடந்தது. செலண்டார்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி தேயிலைக்குப் போனது அப்படித்தான்.

ரிங்லெட்டில் இறங்கியதும் பாட்டி எதையுமே அடையாளம் காணவில்லை. அவர் நினைவில் இருந்தவை மூன்று: கடைத்தெருவிலிருந்து நடந்து போகும் தூரம், மண் ரோட்டுக்கு இடப்பக்கம் வேல் நட்ட ஒரு கல், ஆறு வீடுகள் உள்ள பலகை லயம். எத்தனையாவது கட்டை என்று நினைவில்லை. தேநீர்க் கடையில் இருந்த பெரியவர் ஒருவர், முன்பு தோட்ட லோரியில் வேலை செய்தவராம், "எந்த டிவிஷன் அக்கா?" என்று கேட்டார். பாட்டிக்கு அதுவும் தெரியவில்லை. "டிவிஷன் தெரியாட்டி கஷ்டம்தான். பலகை லயமெல்லாம் எப்பவோ ஒடச்சிட்டாங்க. புள்ளைங்க ஈப்போ, கோலாலம்பூருன்னு போயிட்டாங்க. இப்போ வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆளுங்கதான் கொழுந்து எடுக்கறாங்க" என்றார். அவர் சொன்ன ஓர் இடத்துக்குப் போனோம். வாசலில் காவலாளி தடுத்தார். தொழிலாளர் குடியிருப்புக்குள் வெளியார் போகக் கூடாதாம். அவர் கடமையை அவர் செய்தார். மாமா மட்டும் கொஞ்சம் சத்தம் போட்டார்.

வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டுப் பாட்டியைச் சன்னலருகே உட்கார வைத்தோம். சரிவு முழுக்கப் பச்சை. இரண்டு பேர் கொழுந்து வெட்டும் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். "கையால எடுக்கலயா?" என்று பாட்டி கேட்டார். சமமான சரிவுகளில் இயந்திரம், செங்குத்தான இடத்தில் கத்தரி, கைக்கொழுந்து மிகவும் குறைவு என்று நான் விளக்கினேன். அதற்குப் பிறகுதான் அவர் பேச ஆரம்பித்தார். அக்காள் இடுப்பில் சாக்கு கட்டிக்கொண்டு விடிகாலைப் பனியில் மலையேறியது. அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்தது. முதுகுக் கூடை நிறைந்தால் நிறுவைக்கு ஓடியது. அக்காள் கணவருக்குச் சிவப்பு ஐ.சி. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றார்கள். தோட்டத்தை விட்டால் பெர்மிட் போய்விடும் என்ற பயம். எங்கள் தாத்தா இறந்தபோதுகூட அவர்கள் வர முடியவில்லை. "வரலேன்னு நான் பதினஞ்சு வருஷம் அதுகூடப் பேசல பாப்பா" என்றார். இதை அவர் எங்களிடம் அதற்கு முன் சொன்னதில்லை. மாமாவுக்கே தெரியாது.

இந்த இடத்தில் மாமாவின் கழிவுத் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெர்த்தாம் ஆறு தானா ராத்தா வழியாக ஓடி ரிங்லெட் ஏரியில் சேர்கிறது. அந்த ஏரி இயற்கையானதன்று. 1963-இல் கட்டிமுடித்த சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கம். அங்கிருந்து தண்ணீர் சுரங்கம் வழியே பேராக் பக்கம் இறங்கி மின்சாரம் தருகிறது. மேலே காய்கறித் தோட்டங்களுக்காகச் சரிவுகளைத் திறந்துவிட்டதால் மழை பெய்யும்போதெல்லாம் மண் அடித்துக்கொண்டு வந்து ஏரியை நிரப்புகிறது. மண் நிறைந்த ஏரியில் வெள்ளம் தங்க இடமேது? 2013 அக்டோபர் 23 அதிகாலையில் அணை நீரைத் திறந்துவிட்டபோது கீழே பெர்த்தாம் வேலியில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் போயின. மறு ஆண்டு நவம்பரில் ரிங்லெட்டில் மறுபடியும் சேற்று வெள்ளம். ஆகவே வீட்டு வண்டியில் போகும் நண்பர்கள் அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் இடம் அழகாக இருக்கிறதே என்று இரவில் நிறுத்த வேண்டாம். கால்வாயில் எதையும் திறந்துவிடவும் வேண்டாம். அணைக்கு மேலேயுள்ள பல கால்வாய்கள் அந்த ஏரிக்குத்தான் போகின்றன.

இரவு தானா ராத்தாவில் ஒரு தங்கும் விடுதியின் நிறுத்துமிடத்தில் அனுமதி கேட்டு, கட்டணம் கொடுத்து நிறுத்தினோம். பாட்டி சோறு வடிக்கப் புறப்பட்டார். "தண்ணி தளதளன்னு கொதிக்குது, அரிசி வேக மாட்டேங்குதே, என்ன அரிசிடி வாங்கினே?" என்று அத்தைக்குத் திட்டு. அத்தை வாங்கிய அரிசியில் குற்றமில்லை. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். முந்நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்கும். தானா ராத்தாவில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் சூடு ஐந்து பாகை குறைவு. ஆகவே சோறு வேகக் கூடுதல் நேரமாகும். நான் இதைச் சொன்னதும், "அக்கா வீட்டுச் சோறும் வெறச்சிதான் இருந்திச்சி. நான்தான் அதுக்குச் சமைக்கத் தெரியலன்னு நெனச்சேன்" என்றார் பாட்டி.

வெளியே 16 பாகை. எல்லாச் சன்னலையும் அடைத்துப் படுத்தோம். விடிந்து பார்த்தால் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழிந்து மெத்தை ஓரம் நனைந்திருந்தது. நான்கு பேர் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்ததன் விளைவு. கூரைச் சன்னலை இரண்டு விரல் அளவாவது திறந்து வைத்துப் படுக்க வேண்டும்; குளிருக்குக் கம்பளி கூடுதலாகப் போர்த்திக்கொள்ளலாம்.

மறுநாள் பிரிஞ்சாங் முருகன் கோயிலுக்குப் போனோம். பிறகு கீ பார்ம் சந்தையில் வாகன நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பள்ளி விடுமுறையில் போகாதீர்கள் என்பதைத் தவிர. தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் ஒற்றையடிச் சாலைகளுக்கு இந்த வண்டி ஒத்துவராது. உள்ளூர் டாக்சியில் போவது நல்லது. டாக்சிக்காரர் தமிழர். வழியில் ஜிம் தோம்சன் கதையைச் சொன்னார்: தாய்லாந்தில் பட்டு வியாபாரம் செய்த அமெரிக்கர், 1967 மார்ச் 26 அன்று இங்கே ஒரு பங்களாவிலிருந்து உலாவப் போனவர், இன்றுவரை கிடைக்கவில்லை. அவரைத் தேடிப் போனவர்கள் பலர், எழுதப்பட்ட புத்தகங்கள் பல. பாட்டி முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த வருஷம் அக்கா இங்கதான் இருந்திச்சி. தேடப் போயிருக்குமோ என்னமோ" என்று மட்டும் சொன்னார்.

இறங்கும்போது சிம்பாங் பூலாய் வழி. அகலமான சாலைதானே என்று வேகம் எடுக்கக் கூடாது. 2010 டிசம்பரில் இந்த வழியில் தாய்லாந்துப் பயணிகளை ஏற்றிவந்த பஸ் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கனமான வண்டி இறங்கும்போது நடப்பதைக் கணக்காகப் பார்க்கலாம். 3,500 கிலோ எடை 1,400 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், சுமார் 150 லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டில் பெரும்பங்கு நான்கு சக்கரங்களின் பிரேக்கில் இறங்கும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் மிதி தரை தட்டும், வண்டி நிற்காது. அதனால் சரிவு தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு மாற்றி, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட வேண்டும். பிரேக்கை அவ்வப்போது அழுத்தி விட வேண்டும். மாமா இரண்டாவது கியரில் முக்கால்வாசி வழி வந்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கீழே வந்து நிறுத்தியபோது சக்கரத்தருகே கை வைக்க முடியாத சூடு. அரை மணி நேரம் காத்திருந்தோம்.

அந்த அரை மணி நேரத்தில் பாட்டி சொன்னவற்றை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். இதைப் படிக்கும் மாணவர்களிலோ முன்னாள் மாணவர்களிலோ கேமரன் மலை லயங்களில் பிறந்தவர்கள், அல்லது அங்கே தாத்தா பாட்டி இருந்தவர்கள் இருக்கலாம். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: 1960-களில் ரிங்லெட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மண் ரோட்டுக்கு இடப்பக்கம் வேல் நட்ட கல், அதையடுத்து ஆறு வீட்டுப் பலகை லயம், கடைசி வீட்டில் மலாக்காவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், இரண்டு மகன்கள், ஒரு மகள். அது எத்தனையாவது கட்டை, எந்த டிவிஷன் என்று யாருக்காவது தெரிந்தால் நம் பேரவை நண்பர்களிடம் சொல்லி வையுங்கள். பாட்டி அடுத்த விடுமுறைக்கும் வண்டி எடுக்கச் சொல்லியிருக்கிறார்.